யார் பெயரில் யார் கடிதம்?

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால். டெண்டருக்கான விலைப்பட்டியல் ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். லூதியானா, ராஜ்கோட், ஹூப்ளி என்று முப்பது நாற்பது பேர் வேலை பார்க்கும் எந்த ஊர்க் கம்பெனியிலும் நடக்கிற காட்சிதான். விற்பனைப் பிரிவு ஊழியர் பிரௌசரில் கம்பெனியின் வெப்மெயிலைத் திறந்து, கடிதம் எழுதி, பிடிஎஃப்பை இணைத்து, அனுப்பும் பொத்தானை அமுக்குகிறார். கடிதம் நகரவில்லை. திரையில் ஒரு சிவப்புப் பட்டை: 'எஸ்எம்டிபி பிழை 553: பெறுநரைச் சேர்க்க இயலவில்லை.' பெறுநரின் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கிறார். சரியாகத்தான் இருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி அடிக்கிறார். மறுபடியும் 553. டெண்டர் அலுவலகத்துக்கே போன் போட்டு, "உங்க மெயில் வேலை செய்யுதா சார்?" என்று விசாரிக்கிறார். பிழைச் செய்தியின் பின்பாதியில் இருக்கும் வாசகத்தை யாரும் படிப்பதில்லை. சமாச்சாரம் அங்கேதான் இருக்கிறது: அனுப்புநர் முகவரி இந்தப் பயனாளருக்குச் சொந்தமானதல்ல.

காலையில் இதே ஊழியர் இதே வெப்மெயிலிலிருந்து பத்துக் கடிதங்கள் அனுப்பியிருக்கிறார். எல்லாம் ஒழுங்காகப் போயின. வித்தியாசம் ஒன்றே ஒன்று. காலையில் போனவை அவருடைய சொந்த முகவரியிலிருந்து போனவை. டெண்டர் கடிதத்துக்கு மட்டும் 'அனுப்புநர்' கட்டத்தில் கம்பெனியின் 'சேல்ஸ்' முகவரியைத் தேர்ந்தெடுத்திருந்தார். உள்ளே நுழைந்தது ஒரு பெயரில், கடிதம் எழுதியது இன்னொரு பெயரில். மெயில் சர்வர் குறுக்கே நின்றுவிட்டது.

அடுத்து நடப்பதும் எல்லா ஊரிலும் ஒன்றேதான். மாதாமாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு நாலைந்து கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் ஆளுக்கு முதலாளி போன் போடுகிறார். "அந்த செக்கிங்கை எல்லாம் எடுத்துடுப்பா, மெயில் போனா போதும்." "அஞ்சு நிமிஷம் சார்." சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரிக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டு அதைச் செயலிழக்கச் செய்கிறார் அவர். ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கடிதம் போய்விடுகிறது. எல்லோருக்கும் திருப்தி. அந்த வரி திங்கட்கிழமை மறுபடி உயிர்பெறுவது அபூர்வம்.

அந்த ஒரு வரி எதற்குக் காவல் நின்றது? அது இல்லாத சர்வரில், கம்பெனியில் மெயில் கணக்கு வைத்திருக்கும் எவரும் எவர் பெயரிலும் கடிதம் அனுப்பலாம். கோடவுனில் இருப்பவர் நிர்வாக இயக்குநர் ஆகலாம். அவராக விரும்பிச் செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. அவருடைய பாஸ்வேர்டு ஏதாவது ஒரு போலிப் பக்கத்தில் பறிபோனால் போதும், மிச்ச வேலையை வெளியாள் பார்த்துக்கொள்வான். "பழைய வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த பில்லுக்கான பணத்தை இத்துடன் உள்ள புதிய கணக்கில் போடவும்" என்று முதலாளியின் முகவரியிலிருந்தே, கம்பெனியின் சொந்த சர்வரிலிருந்தே, அசல் முத்திரைகளுடன் வாடிக்கையாளருக்குக் கடிதம் போகும். சந்தேகப்பட அதில் எதுவுமே இருக்காது. பெயரைப் பொய்யாகக் காட்டியோ கணக்கைக் கைப்பற்றியோ கம்பெனிகளிடம் நடத்தப்படும் இந்த வகை மெயில் மோசடியில், அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் 2023-ல் பதிவான நஷ்டம் மட்டும் 290 கோடி டாலருக்கு மேல். இந்தியாவில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து போவதற்கு முன் செய்தால்தான் பலன்.

மெயிலுக்கு இது பிறவிக் கோளாறு. ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியிட்ட எஸ்எம்டிபி விதிமுறையின்படி, கடிதம் கொண்டுவரும் கம்ப்யூட்டர் 'மெயில் ஃப்ரம்' என்று சொல்லி ஒரு முகவரியைத் தர வேண்டும். அது உண்மைதானா என்று கேட்க விதிமுறையில் வழியே வைக்கவில்லை. இன்லேண்ட் லெட்டரில் அனுப்புநருக்கு என்று விட்டிருக்கும் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் கேட்கமாட்டார் அல்லவா, அதே கதைதான். போஸ்டல் ஒன்றும் அப்பாவி அல்ல; வேண்டாத கடிதங்களின் தொல்லையைப் பற்றி 1975 நவம்பரிலேயே ஒரு குறிப்பு எழுதியவர். ஆனால் அன்றைய வலையில் இருந்தவை பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள், ராணுவ அலுவலகங்கள். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் குடியிருக்கும் தெருவில் யார் பூட்டு வாங்குவார்கள்?

1990-களில் வியாபாரம் வந்தது, கூடவே குப்பைக் கடிதமும் வந்தது. விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது மெயில் வீட்டுக்குப் பூட்டு இன்னும் வந்திருக்கவில்லை. 1998 டிசம்பரில்தான் பயனாளர்கள் கடிதத்தை ஒப்படைப்பதற்கென்று 587 என்ற தனி வாசலை வகுத்தார்கள். 1999 மார்ச்சில் கடிதம் கொண்டுவருபவரிடம் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் முறை வந்தது. உள்ளே வந்தவர் யார் என்பது அதிலிருந்து தெரியும். வந்தவர் யார் பெயரில் எழுதுகிறார் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பதில்தான் வெப்மெயில் தகராறுகளில் பாதி பிறக்கிறது.

உண்மையில் ஒரு கடிதத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. முதலாவது, பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்தவரின் லாகின் பெயர். இரண்டாவது, உறைமேல் எழுதப்படும் அனுப்புநர் பெயர். 'மெயில் ஃப்ரம்' என்று சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது இது. கடிதத்தைப் படிப்பவர் கண்ணில் இது படுவதில்லை. மூன்றாவது, உறைக்குள் இருக்கும் லெட்டர்ஹெட் பெயர். படிப்பவர் பார்ப்பது இதை மட்டும்தான். வெப்மெயில் சாதாரணமாக இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒரே முகவரியைப் போடுகிறது என்பதால் இப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது.

வீட்சா வெனெமா ஐபிஎம்மில் இருந்தபோது எழுதி 1998-ல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ், உலகின் ஏராளமான மெயில் சர்வர்களில் ஓடும் மென்பொருள். அதில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். இடது பக்கம் முகவரி. வலது பக்கம் அந்த முகவரியில் எழுத உரிமை உள்ள லாகின் பெயர்கள். உறைமேல் பெயர் பட்டியலோடு ஒத்துப்போகாவிட்டால் கடிதத்தை மறுக்கச் சொல்லும் விதியும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை செயலிழக்கச் செய்யப்பட்டது அந்த விதி. செய்திருக்க வேண்டியது, பட்டியலில் சேல்ஸ் முகவரிக்கு எதிரே அந்த ஊழியரின் லாகின் பெயரை எழுதுவது. இரண்டுக்கும் ஆகிற நேரம் அநேகமாக ஒன்றுதான். ஆளே கிடைக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது: சொந்த முகவரியிலிருந்தே அனுப்பிவிட்டு, வெப்மெயிலில் 'ரிப்ளை டு' கட்டத்தில் சேல்ஸ் முகவரியைப் போட்டுவிட்டால் பதில்கள் எல்லாம் சேல்ஸுக்கே போகும். சர்வரைத் தொடவே வேண்டாம்.

தவறு அனுப்புநரிடம் இருக்கும்போது வெப்மெயில் பெறுநரைக் குறை சொல்வது ஏன்? போஸ்ட்ஃபிக்ஸ், அனுப்புநர் பெயரைக் கேட்டதும் வாய் திறப்பதில்லை. பெறுநர் பெயரையும் சொல்லட்டும் என்று காத்திருந்துவிட்டு, அதற்குப் பதிலாகத்தான் 'முடியாது' என்கிறது. யாருக்கு அனுப்ப முயன்றார்கள் என்பதும் பதிவேட்டில் ஏறட்டும் என்பது காரணங்களில் ஒன்று. நல்ல காரணம்தான். ஆனால் பெறுநர் பெயரைச் சொன்னபோது மறுப்பு வந்ததால், ரவுண்ட்கியூப் போன்ற வெப்மெயில், 'பெறுநரைச் சேர்க்க இயலவில்லை' என்று நேர்மையாக அறிவிக்கிறது. ஊழியர் தப்பான திசையில் ஓடுகிறார். பிழைச் செய்தியை முழுக்கப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முழுக்கப் படித்தால், 553-லேயே இரண்டு ரகம் இருப்பது தெரியும். 'நாட் ஓன்ட் பை யூசர்' என்று வந்து, பக்கத்திலேயே லாகின் பெயரும் இருந்தால், சர்வருக்கு ஆள் யார் என்று தெரிந்திருக்கிறது, பட்டியல்தான் ஒத்துப்போகவில்லை. 'நாட் லாக்ட் இன்' என்று வந்தால் நோயே வேறு. வெப்மெயிலுக்குள் பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்த ஊழியருக்கு இதைப் பார்த்தால் கோபம்தான் வரும். லாகின் செய்யாமலா இவ்வளவு நேரம் கடிதம் படித்துக்கொண்டிருந்தேன்? அவர் கேட்பது நியாயம். ஆனால் அவர் நுழைந்தது கடிதங்கள் வைத்திருக்கும் அறைக்குள். கடிதம் அனுப்பும் கவுன்டர் வேறு. அங்கே அவர் சார்பில் வெப்மெயில் மறுபடியும் பெயரையும் பாஸ்வேர்டையும் நீட்ட வேண்டும். பழைய அமைப்புகள் பலவற்றில் வெப்மெயில் அப்படிச் செய்யாது. ஒரே மெஷினுக்குள் இருக்கிறோமே என்று 25-ம் எண் வாசலில் வெறுங்கையோடு போய் நிற்கும்.

பட்டியல் ஒத்துப்போகாததற்குப் பல சமயம் உரிமை காரணமே இல்லை, எழுத்துதான் காரணம். ஊழியர் வெறும் பெயரை அடித்து நுழைகிறார். பட்டியலில் பெயரோடு 'அட்' குறியும் டொமைனும் சேர்ந்த முழு முகவரி இருக்கிறது. மனிதருக்கு இரண்டும் ஒரே ஆள். சர்வருக்கு இரண்டு பேர். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் டவ்காட் மென்பொருளில் லாகின் பெயரை எப்போதும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். ரவுண்ட்கியூபிலும் டொமைனைத் தானாகச் சேர்க்கச் சொல்லலாம். இன்னொரு பழைய சறுக்கல், பட்டியலைத் திருத்திச் சேமித்துவிட்டு 'போஸ்ட்மேப்' கட்டளையைக் கொடுக்க மறப்பது. சர்வர் படிப்பது அந்த எழுத்துக் கோப்பை அல்ல, அதிலிருந்து தயாராகும் இன்னொரு கோப்பை. திருத்தியவர் கண்ணுக்குப் பெயர் இருக்கிறது, சர்வர் கண்ணுக்கு இல்லை. சண்டை மணிக்கணக்கில் நடக்கும். இதே போஸ்ட்மேப்பிடம் ஒரு முகவரியைக் கொடுத்து 'இது யாருக்குச் சொந்தம்' என்று கேட்கவும் முடியும். சர்வர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை ஊகிக்காமல் அதனிடமே கேட்டுவிடுவது நல்லது.

535 என்று வந்தால் அது பாஸ்வேர்டு தகராறு. இணைப்பே கிடைக்கவில்லை என்றால் சான்றிதழைப் பார்க்க வேண்டும். வெப்மெயில் ஓடுவது பிஎச்பியில். 2014-ல் வந்த 5.6 பதிப்பிலிருந்து பிஎச்பி, எதிர்ப்பக்க சர்வரின் சான்றிதழைப் பரிசோதிக்கிறது. அமைப்பில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதியிருக்கும். சான்றிதழிலோ மெயில் சர்வரின் முழுப் பெயர் இருக்கும். ஒத்துப்போகாது. இதற்கும் பரிசோதனையையே அணைத்துவிடும் வைத்தியம்தான் பிரபலம். லோக்கல்ஹோஸ்ட்டை அழித்துவிட்டுச் சான்றிதழில் உள்ள பெயரை எழுதினால் முடிந்தது. 2022-ல் வந்த ரவுண்ட்கியூப் 1.6-ல் சர்வர் பெயர் எழுதும் அமைப்புகளின் பெயர்களே மாறிவிட்டன. பழைய கோப்பை அப்படியே நகலெடுத்து வைத்தவர்கள், நேற்றுவரை ஓடியதே என்று தலையைச் சொறிந்தார்கள்.

வெப்மெயில் வேறொரு மெஷினில் இருக்கும் கம்பெனிகளில் வேடிக்கையான ஒரு நோய் உண்டு. பத்து மணிக்கு யாரோ ஒருவர் மறந்துபோன பாஸ்வேர்டை ஆறேழு தடவை அடிக்கிறார். பத்தே காலுக்குக் கம்பெனியில் ஒருவராலும் மெயில் அனுப்ப முடியவில்லை. தப்பான பாஸ்வேர்டு தொடர்ந்து வரும் முகவரியைத் தடுத்துவைக்கும் காவல்காரன் மென்பொருள், வெப்மெயில் மெஷினையே தடுத்துவிட்டது. அதன் கண்ணுக்கு நாற்பது பேரும் ஒரே ஐபி முகவரியிலிருந்து வருகிறார்கள். அந்த ஐபியை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்து, தடுக்கும் வேலையை வெப்மெயில் பக்கத்திலேயே செய்ய வேண்டும்.

எல்லாக் கோளாறுகளுக்கும் பொதுவான மருத்துவப் பரிசோதனை ஒன்றிருக்கிறது. மெயில் சர்வரின் பதிவேட்டைத் திறந்து, போன கடிதத்துக்கான வரிகளில் 'சாஸ்ல் யூசர்நேம்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுவது. இருந்தால், அதன் எதிரே உள்ளதுதான் சர்வர் அறிந்த லாகின் பெயர். அந்த எழுத்துகள்தான் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெப்மெயில் பெயர் சொல்லவே இல்லை.

பெயர் சொல்லாமலே கடிதம் போய்க்கொண்டிருந்தால்? இதுதான் மோசமான வியாதி, வலியே இல்லாத வியாதி. சர்வரின் விதிகளில் 'நம்ம மெஷின்களிலிருந்து வந்தால் விட்டுவிடு' என்ற வரி முதலிலும், 'பெயர் ஒத்துப்போகிறதா பார்' என்ற வரி பின்னாலும் இருந்தால், வெப்மெயிலிலிருந்து வரும் கடிதம் முதல் வரியிலேயே தப்பிவிடும். இரண்டாவது வரிக்கு வேலையே வராது. விதி இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, எல்லோரும் பத்திரமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வெப்மெயிலில் நுழைந்த எவரும் எவர் பெயரிலும் எழுதிக்கொண்டிருக்கலாம். விதிகளின் வரிசையைப் பார்க்காமல் விதிகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகும் தணிக்கையாளர் கண்ணில் இது படாது. சோதிப்பது சுலபம். ஒரு சாதாரண ஊழியர் கணக்கில் நுழைந்து, முதலாளியின் முகவரியை அனுப்புநராகப் போட்டு, முதலாளிக்கே ஒரு கடிதம் அனுப்பிப் பார்க்க வேண்டும், அவரிடம் சொல்லிவிட்டுத்தான். கடிதம் போய்ச் சேர்ந்தால் காவல் இல்லை. வெப்மெயிலின் அமைப்பிலேயே 'பயனாளர் தன் முகவரியை மாற்ற முடியாது' என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறோமே என்பார்கள் சிலர். ரவுண்ட்கியூபில் அந்த வசதி உண்டு, வைப்பதும் நல்லதே. ஆனால் அது வெப்மெயில் ஜன்னலுக்கு மட்டும் போட்ட திரை. அதே பாஸ்வேர்டுடன் மொபைலில் வேறு மெயில் மென்பொருளை வைத்துக்கொண்டு வருபவரை அது தடுக்காது.

பட்டியலைச் சோம்பேறித்தனமாகத் தயாரிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. சேல்ஸ் முகவரிக்கு வரும் கடிதங்கள் ஐந்து பேருக்குப் பிரிந்து போகும் என்று ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். அதையே 'யார் எழுதலாம்' பட்டியலாகவும் காட்டிவிடுகிறார்கள் பலர். சேல்ஸுக்கு அது பொருந்தலாம். 'ஆல்' என்றோ 'எவ்ரிபடி' என்றோ மொத்தக் கம்பெனிக்கும் போகும் முகவரி ஒன்று இருந்தால், அந்தக் கணமே அத்தனை பேரும் அந்தப் பெயரில் எழுதும் உரிமை பெற்றுவிடுகிறார்கள். முதலாளியின் கடிதங்களை அவருடைய செயலாளரும் பார்ப்பதற்காக அவருக்கும் ஒரு பிரதி போகிறது என்றால், அவர் முதலாளியாகவே கையெழுத்திடலாம் என்றாகிறது. கடிதம் வாங்கும் உரிமையும் எழுதும் உரிமையும் ஒன்றல்ல.

விதியைத் திரும்பப் போடும் நாளில் முதலில் அழப்போவது மனிதர்கள் அல்ல, ஜெராக்ஸ் மெஷின். ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்பும் மெஷின், வருகைப் பதிவுக் கருவி, டீசல் ஜெனரேட்டரைக் கண்காணிக்கும் பெட்டி எல்லாம் கம்பெனிப் பெயரில்தான் கடிதம் போடுகின்றன. யாருக்கும் பாஸ்வேர்டு கொடுக்கப்பட்டிருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு கொடுத்து, அதன் முகவரிக்கு மட்டும் அனுமதி எழுத வேண்டும். அலுப்பான வேலை. ஒரு பகல் ஆகும்.

இதுவரை சொன்னதெல்லாம் சொந்த வீட்டுக் காவல். உறைமேல் பெயரோடு அது நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் லெட்டர்ஹெட்டைப் பிரித்துப் பார்ப்பது கடிதம் போய்ச் சேரும் இடத்துக் காவல்காரர். இருவரில் யார் மறுத்தார் என்று கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு. பொத்தானை அமுக்கியதுமே வெப்மெயில் ஜன்னலில் பிழை வந்தால், அநேகமாக அது சொந்த சர்வர். கடிதம் போய்விட்டதாகக் காட்டி, சிறிது நேரம் கழித்துத் திரும்பிவந்தால், மறுத்தது எதிர்ப்பக்கம். ஜிமெயிலாக இருந்தால் 550 என்ற எண்ணுடன் 5.7.26 என்றும் இருக்கும்: கடிதத்தின் டொமைன் உறுதி செய்யப்படவில்லை.

எதிர்ப்பக்கம் பார்ப்பவை மூன்று. டொமைனின் பெயரில் கடிதம் அனுப்பும் சர்வர்கள் எவை என்று டொமைன் சொந்தக்காரர் வெளியிடும் அறிவிப்பு எஸ்பிஎஃப். 2006-ல் எழுத்து வடிவம் பெற்றது. கடிதத்தின்மேல் சர்வர் இடும் கணித முத்திரை டிகிம், 2007. இவற்றில் ஒன்றாவது லெட்டர்ஹெட்டில் உள்ள டொமைனோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் இன்னது செய் என்று சொல்வது டிமார்க், 2015. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாக்கின. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களும் அதற்கு மேலும் அனுப்புபவர்களுக்கு மூன்றும் வேண்டும். மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக் முகவரிகளுக்கு மொத்தமாக அனுப்புபவர்களிடம் மூன்றையும் கேட்க ஆரம்பித்தது.

இங்கேயும் வெப்மெயில் தன் குணத்தைக் காட்டும். மொபைலிலிருந்து அனுப்பினால் ஜிமெயில் ஏற்கிறது, வெப்மெயிலிலிருந்து அனுப்பினால் ஸ்பாமில் விழுகிறது என்று ஒரு புகார் அடிக்கடி வரும். ஆளும் அதே, முகவரியும் அதே. பல சமயம் மூலம் பழைய பாவம்தான்: வெப்மெயில் பெயர் சொல்லாமல் கடிதத்தை ஒப்படைக்கிறது. முத்திரையிடும் ஓப்பன்டிகிம் மென்பொருள், லாகின் செய்து வந்தவர்களின் கடிதத்துக்கும் தான் அறிந்த மெஷின்களின் கடிதத்துக்கும்தான் முத்திரை போடும். தனி மெஷினில் உள்ள வெப்மெயில் இரண்டிலும் சேராது. முத்திரை இல்லாமலே கடிதம் கிளம்புகிறது. இன்னும் சில இடங்களில் வெப்மெயில் மெஷின், மெயில் சர்வரிடம் கொடுக்காமல் தானே நேராக வெளியே அனுப்பிவிடும்; எஸ்பிஎஃப் அறிவிப்பில் அதன் ஐபி இருக்காது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. வெப்மெயில் 587 வாசலுக்குப் போய், ஊழியரின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, வரிசையில் நின்று அனுப்ப வேண்டும்.

எஸ்பிஎஃப் அறிவிப்பை எழுதுவதிலும் ஆளுக்கு ஆள் கை வைக்கிறார்கள். விளம்பர மெயில் அனுப்ப ஒரு சேவையைப் பிடித்ததும், அது கொடுத்த வரியை இரண்டாவது அறிவிப்பாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் அறிவிப்புதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே அறிவிப்புக்குள் எல்லோரையும் திணித்தால், சரிபார்ப்பவர் பத்துத் தடவைக்கு மேல் டிஎன்எஸ்ஸைத் தேட வேண்டிவந்தால் அதுவும் செல்லாது. ஒருவர் தன் கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிட்டிருந்தால் வழியில் எஸ்பிஎஃப் முறிந்துபோகும். முத்திரை பெரும்பாலும் பிழைக்கும். அதனால் இரண்டும் இருப்பது நல்லது. கெடுபிடியை ஒரே நாளில் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாஹூவே சாட்சி. 2014 ஏப்ரலில், தன் டொமைன் பெயரில் உறுதியாகாத கடிதம் வந்தால் மறுத்துவிடும்படி டிமார்க்கில் அறிவித்தது. பல பேருக்குப் பொதுவாகப் பிரித்து அனுப்பும் மெயில் குழுக்களில் யாஹூ உறுப்பினர்கள் எழுதிய நேர்மையான கடிதங்கள் உலகெங்கும் மூட்டை மூட்டையாகத் திரும்பின.

ஆகையால் டிமார்க்கில் முதலில் 'ஒன்றும் செய்யாதே, எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு' என்று போடுவது வழக்கம். கூகுள் போன்ற பெரிய சர்வர்கள் அன்றாடம் அறிக்கை அனுப்புகின்றன: இந்த டொமைனின் பெயரில் இந்த ஐபியிலிருந்து இத்தனை கடிதங்கள் வந்தன, இத்தனை தேறின, இத்தனை தேறவில்லை. மனிதர் படிக்கும் வடிவில் இருக்காது. படித்துச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. முதல் இரண்டு வாரம் அதைப் பார்ப்பவர்களுக்கு, கம்பெனியின் பெயரில் யார் யாரெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்ற விவரம் வரிசையாக வரும். சம்பளப் பட்டியல் மென்பொருள், வெப்சைட்டின் 'தொடர்புகொள்ள' படிவம், மூன்று வருடத்துக்கு முன் விட்டுவிட்ட விளம்பர சேவை. கூடவே கம்பெனி எந்தக் காலத்திலும் வியாபாரம் செய்திராத ஒரு நாட்டு ஐபியும் இருக்கலாம். தெரிந்தவற்றை ஒவ்வொன்றாக அறிவிப்பில் சேர்த்து, வேண்டாதவற்றை நிறுத்திய பிறகுதான் 'மறு' என்ற சொல்லைப் போட வேண்டும். பல கம்பெனிகள் முதல் படியிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. அறிக்கைகள் தினமும் ஒரு பெட்டியில் வந்து விழுகின்றன. அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் பெயரைச் சொல்கிறார்கள்.